கல்லில் கடைசிப் பெயர் உன்னுடையது

என் தம்பிக்கு,

நலம்தானே என்று எழுதக் கை போனது. நிறுத்திக்கொண்டேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தம்பி என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்டதில், மந்தைவெளியிலிருந்து லஸ் போவதற்குள் ஊரைச் சுற்ற வேண்டியிருக்கிறது. நொச்சிக்குப்பத்தில் ரோட்டோர மீன் கடைகளை எடுத்துவிட்டு மார்க்கெட் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கூரை இருக்கிறது, மேடை இருக்கிறது. நம் ஸ்டெல்லாக்கா மட்டும் மேடைமேல் ஏற மாட்டேன் என்று கீழேயே உட்காருகிறாள். "மீனு மேல குந்தட்டும். எனுக்கு இன்னா பட்டாபிஷேகமா?" என்கிறாள்.

நான் அதே ஆழ்வார்பேட்டை லேபில்தான் இருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணாடித் தகட்டில் யாருடைய ரத்தத்தையோ பார்த்து எண்ணி எழுதுகிறேன். கண் மட்டும் வேலை செய்தால் போதும். எனக்கு அது சௌகரியமாக இருக்கிறது.

போன வாரம் கல்லறைத் திருநாள். அன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். இதை நம் ஊர் அல்லாதவர்களும் படிக்கக்கூடும்.

நம் கோயிலின் வாசலுக்கு உள்ளே, வலப்பக்கச் சுவரில், தீர்த்தத் தொட்டிக்கு மேலே அந்தப் பளிங்குக் கல். முதல் உலகப் போருக்கு இந்தக் குப்பத்திலிருந்து படகோட்டிகளாகக் கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். மேலே வெள்ளைக்காரர்கள் செதுக்கிய இரண்டு வரி ஆங்கிலம், கீழே பதினொரு பெயர். அப்போது இது தனி ஊர். இப்போது நாலு பக்கமும் அடுக்குமாடி எழும்பி, சாலையும் உயர்ந்து, கோயில் பள்ளத்தில் இருக்கிறது. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

அந்தப் பதினொரு பேருக்கும் இங்கே கல்லறை கிடையாது. கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றும்போது, அவர்கள் வீட்டாருக்குப் போக இடமில்லை. அதனால் கல்லுக்கு முன்னால் வந்து நின்றார்களாம். கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். பெயர் வாசித்ததும் அந்த வீட்டார் "இருக்கோம்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஜெபம்கூட அதற்குப் பிறகுதான்.

காலம் போகப்போக சில வீடுகள் ஊரைவிட்டுப் போயின. சில வீடுகளில் ஆளே இல்லாமல் போயிற்று. பதில் வராத பெயரை அப்படியே விடக்கூடாது என்று, வேறு வீட்டுக்குக் கொடுக்கிற முறை வந்தது. வாங்கிய வீடு அந்த மனிதரைத் தன் வீட்டுச் சாவாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அப்பா காலத்தில் தாவீது நம் வீட்டுக்கு வந்தார்.

தாவீதைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. அதனால் நீயும் நானும் சேர்ந்து ஒரு தாவீதைச் செய்துகொண்டோம். அவருக்கு நீச்சல் தெரியாது என்றாய் நீ. படகோட்டிக்கு எப்படிடா நீச்சல் தெரியாமல் போகும் என்றேன். "அத்த வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினுதான் கப்பல் ஏறிட்டாரு" என்றாய். அவருக்கு மீன் பிடிக்காது, கத்தரிக்காய்தான். தலைக்கு எண்ணெய் வைத்தால் சளி பிடிக்கும். ஒரு வருஷம் அவருக்குப் பெண் பார்த்தோம், நினைவிருக்கிறதா? கல்லில் அவருக்கு மேலே இருக்கிற சவரியின் தங்கை. அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. செத்தவங்கள வச்சி வெளையாடாதீங்க என்று திட்டினாள். திட்டிவிட்டு அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து, "அந்தப் பொண்ணு வேணாம், சவரி வூட்டாளுங்களுக்கு வாய் ஜாஸ்தி" என்றாள்.

சின்ன வயதில் நீ ஒருமுறை வாசித்த எல்லாப் பெயருக்கும் முந்திக்கொண்டு "இருக்கோம், இருக்கோம்" என்று கத்தியதற்கு அப்பாவிடம் அடி வாங்கினாய். அப்புறமும் நம் வீட்டுக்கு நீதான் பதில் சொன்னாய். நீ பட்டாளத்துக்குப் போன பிறகு அம்மா. அம்மாவும் போன பிறகு நான்.

பனிமலையிலிருந்து போன் வந்தபோது அடுப்பில் சோறு இருந்தது. இந்தியில் ஆரம்பித்தார்கள், பிறகு ஒரு தமிழ் சுபேதார் பேசினார். பனிச்சரிவு என்றார். காவல் சாவடியே ஆளோடு போய்விட்டது என்றார். நான் சரி சார், சரி சார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டுச் சோற்றை வடித்தேன். விட்டால் குழைந்துவிடும்.

உன் தகரப் பெட்டி வந்தது. நான் வாங்கி அனுப்பிய தேங்காய் எண்ணெய் அங்கே கட்டியாக உறைந்து கிடந்திருக்கும் போலிருக்கிறது. யாரோ மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்திருக்கிறார்கள். சென்னை வந்து சேருவதற்குள் உருகி, சட்டை, கம்பளி, போட்டோ எல்லாவற்றிலும் இறங்கிவிட்டது. மூன்று முறை சோப்புத் தூள் போட்டு ஊறவைத்தேன். வாசனை போகவில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

நீதான் கிடைக்கவில்லை. பனி இளகினால் தேடுவோம் என்றார்கள். ஒவ்வொரு கோடையிலும் அதே சுபேதார் கூப்பிடுகிறார். "இந்த வருஷமும் இல்லம்மா" என்கிறார். நன்றி சார் என்கிறேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கிறார். எல்லாரும் என்றால் நான் மட்டும்தான் என்று அவரிடம் சொல்வதில்லை.

உனக்கும் கல்லறை இல்லை. அதனால் உன் பெயரையும் கல்லில் சேர்க்க வேண்டும் என்று கோயிலில் பேச்சு வந்தது. கமிட்டிக்காரர் ஒருவர், "போர்ல செத்தவங்களுக்கான கல்லு இது. பையன் சண்டையில சாவலியே, பனியிலதானே" என்றார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது சரியா தப்பா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஸ்டெல்லாக்கா எழுந்தாள். "அவ்ளோ ஒசரத்துக்கு இன்னாத்துக்கு போனான், ஐஸ் துன்னவா? துப்பாக்கி எடுத்துக்கினுதான போனான்? நீ போய் ஒரு நாளு நின்னுட்டு வா, அப்பால பேசு" என்றாள். பளிங்குக் கல்லுக்குக் கீழே சின்னதாக ஒரு கறுப்புக் கல் பதித்து, கம்ப்யூட்டர் எழுத்தில் உன் பெயரைப் போட்டார்கள். மேலே இருக்கிற பதினொன்றும் ஆங்கிலம். நீ மட்டும் தமிழ்.

முதல் வருஷம் உபதேசியார் ஜெபமாலை மாமா கடைசியாக உன் பெயரை வாசித்தார். எனக்கு வாய் வரவில்லை. தாவீதுக்குச் சொன்ன அதே வாய்தான். துக்கம் இன்னும் ஆறவில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமும் வரவில்லை. அப்போது ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

ஏன் என்று நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். சொல்லிவிட்டால் நீ செத்ததாகிவிடும் என்ற பயமா? அதில்லை. நீ இல்லை என்பது எனக்குத் தெரியும். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாலும் தெரியாதே, அந்த மாதிரி இருக்கிறது. அழுதுவிடு என்றவர்கள் எல்லாரும் சொல்லிக் களைத்துப்போய் விட்டார்கள். உன் பெயரை வாய்விட்டுச் சொல்லியே மூன்று வருஷமாகிறது. கேட்கிறவர்களிடம், எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்கிறேன்.

முறை உனக்குத் தெரியும். மூன்று கல்லறைத் திருநாள் பதில் வராத பெயரை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். இது மூன்றாவது. திருநாளுக்கு முன்பே ஜெபமாலை மாமா வீட்டுக்கு வந்தார். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"லில்லிம்மா, இந்த வருஷமும் நீ சும்மா நின்னேன்னா, யாரு எடுத்துக்கிறீங்கன்னு நான் கேட்டாகணும். என் கையில இல்ல."

"கேளுங்க மாமா."

"கேளுங்கன்றியே. சொந்தத் தம்பி பேரும்மா."

"தெரியும் மாமா."

"காபியாச்சும் குடுப்பியா, அதுவும் இல்லியா?" என்றார். கொடுத்தேன். அவர் போன பிறகு டம்ளரைக் கழுவும்போதுதான் சர்க்கரை போடாதது ஞாபகம் வந்தது. ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து மீன் வாங்கப் போனேன். ஸ்டெல்லாக்கா குடும்பத்தைக் குப்பத்திலிருந்து பெரும்பாக்கத்து அரசாங்கக் குடியிருப்புக்கு மாற்றிய பிறகும் அவள் வியாபாரத்துக்கு இங்கேதான் வருகிறாள். விடியற்காலையில் பஸ் ஏறினால்தான் ஏலத்துக்கு வந்து சேர முடிகிறதாம். கிழங்கா மீனை அரிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"லில்லி, ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்காத. ஒன் தம்பி பேர எனுக்குக் குடுத்துடேன்."

"எதுக்குக்கா?"

"நீதான் வாயத் தொறக்க மாட்டேன்றியே. சொம்மா கெடக்குது." ஒரு மீனின் தலையை அரிந்து எறிந்தாள். "எங்கள அங்க கொண்டும்போய்ப் போட்ட அப்பால இந்தக் கோயில்ல எங்களுக்கு இன்னா கீது சொல்லு? ஞானஸ்நானம் அங்க, கண்ணாலம் அங்க. பேரு வச்சிக்கினு கீற வூட்டுக்கு மட்டும்தான் திருநாளுக்குச் சொல்லி வுடுறாங்க. எனுக்கு ஒரு பேரு இருந்தா, நானும் இந்த ஊருக்காரிதான்னு சொல்லிக்குவேன்ல?"

"வேற பேரே இல்லியா?"

"எல்லாத்துக்கும் வூடு கீது. ஒன் தம்பிதான் அநாத."

சொல்லிவிட்டோமே என்று அவள் நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. அரிந்துகொண்டே இருந்தாள். "என்னாண்ட எவ்ளோ நாளு துன்னுகீறான் அவன்? நெத்திலி வறுத்தா போதும், வாசனைக்கே வந்து குந்திக்குவான். எனுக்கு உரிம இல்லியா?"

"எடுத்துக்குங்கக்கா" என்றேன். சுலபமாக வந்தது.

அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமாத்தான்."

பையில் இரண்டு கிழங்கா கூடுதலாகப் போட்டாள். உன் பெயருக்கு இரண்டு மீன். வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

கல்லறைத் திருநாள் அன்று மாலைப் பூசை. பகல் முழுக்கப் பெய்துவிட்டு அப்போதுதான் விட்டிருந்தது. மைக் வேலை செய்யவில்லை. ஜெபமாலை மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். அந்தோணி. இருக்கோம். சவரி. இருக்கோம். தாவீது என்றார். இருக்கோம் என்றேன். லேபில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற குரல் போலத் தெளிவாக இருந்தது. மற்ற பெயர்களும் வந்து போயின. பிறகு உன் பெயர்.

மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. மாமா இன்னொரு முறை வாசித்தார், என்னைப் பார்த்து. நான் கறுப்புக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஓரத்தில் சிமெண்ட் வழிந்து காய்ந்திருக்கிறது. யாராவது சுரண்டிவிடலாம்.

"யாரு எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டார். அந்தக் குரல் அவருடையது மாதிரி இல்லை.

"இருக்கோம்!"

மார்க்கெட் குரல். தூணுக்குப் பக்கத்தில் ஸ்டெல்லாக்கா, திருநாள் புடவை கட்டி, ஈரத் தலையோடு நின்றாள். ஏதோ குழந்தை சிரித்தது. மாமா தலையை ஆட்டிவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார்.

எனக்குக் காது சூடானது. மழையில் நனைந்ததில் காய்ச்சல் வருகிறது என்று நினைத்தேன். ஜெபம் முடிகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே மாதா சொரூபம் இருக்கிற கெபிக்கு முன்னால் எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் நேராக ஸ்டெல்லாக்காவிடம் போய் நின்றேன். போய் நின்ற பிறகுதான் இது காய்ச்சல் இல்லை, கோபம் என்று தெரிந்தது.

"அது என் தம்பி பேரு."

"ஆமா. நீதான குடுத்த?"

"திருப்பிக் குடுங்க."

"இன்னா, வெளாட்றியா? மூணு வருசம் வாயில கொழுக்கட்ட வச்சிக்கினு நின்ன. நான் வாயத் தொறந்ததும் ஒன்கு பாசம் பொத்துக்கினு வருதா?"

"அவன் எனக்குத்தான் தம்பி."

"எனுக்கு இன்னா மாமியாரா? நானும்தான் சோறு போட்டேன். ஊரு முன்னாடி சொல்லிட்டேன், யம்மா. குடுக்க முடியாது."

சுற்றி ஆள் கூடிவிட்டது. ஜெபமாலை மாமா ஓடிவந்தார்.

"கோயில் வாசல்ல வச்சி என்ன இது? கொடுத்த பேர இங்க கேக்கக் கூடாதும்மா. வாங்குன வீட்டு வாசல்ல போய் நின்னு, பேரச் சொல்லிக் கேக்கணும். அவங்க மனசு வச்சிக் குடுத்தா உண்டு."

"குடுக்கலன்னா?"

"குடுக்கலன்னா அது அவங்க வீட்டுப் பேரு."

ஸ்டெல்லாக்கா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "வா. ஞாயித்துக்கெழம வா. எட்டாவது மாடி, லிப்டு ஓடாது, ஏறி வா. சோறு போடுறேன். பேரு குடுப்பேனான்னு தெரியாது." இரண்டடி போனவள் திரும்பினாள். "ரெண்டு பேரு வச்சிக்கினு நீ ஒருத்தி இன்னா பண்ணப் போற? அந்தத் தாவீத இட்டுக்கினு வா. மாத்திக்கிறதா வேணாவான்னு பாக்கலாம்."

"அவருக்கு நீச்சல் தெரியாதுக்கா" என்றேன்.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல."

என் வாய்தான் சொன்னது, தம்பி. ஏன் சொன்னது என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கோபம் இரண்டு நாள் இருந்தது. அப்புறம் போய்விட்டது. மறுபடியும் பழையபடிதான் இருக்கிறேன். லேபுக்குப் போகிறேன், வருகிறேன், சோறு வடிக்கிறேன். ஆனால் அந்த இரண்டு நாளும் பசித்தது. ராத்திரியில் தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் எரிச்சலாக இருந்தது. எரிச்சல் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன்.

தாவீதைக் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்லில் இருப்பது அவருடைய பெயர் மட்டும்தான். மற்றதெல்லாம் நீ செய்தது. மீனைப் பார்த்தால் முகம் சுளிக்கிற படகோட்டி உலகத்தில் வேறு எங்கே இருந்தான்? இத்தனை வருஷமும் அவருக்காக நான் வாயைத் திறந்தபோதெல்லாம் எனக்கு உன் சிரிப்புதான் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் அது சுலபமாக இருந்ததா? உன் பெயரை வாங்க வேண்டுமென்றால் நீ செய்த ஆளைக் கொடுக்க வேண்டும். இதில் எது நீ? கறுப்புக் கல்லில் இருக்கிறவனா, நீச்சல் தெரியாதவரா?

ஸ்டெல்லாக்கா மேலும் தப்பில்லை. அவளுக்கும் இந்த ஊரில் நிற்க ஓர் இடம் வேண்டும். அவள் வீட்டில் நீ இருந்தால் யாரும் உன்னைப் பட்டினி போட மாட்டார்கள். சத்தமாகப் பதில் சொல்வார்கள். என்னிடம் இருந்தால் என்ன கிடைக்கும் உனக்கு? நீயே சொல்.

நாளை ஞாயிறு. திருவான்மியூர் போய் அங்கிருந்து பஸ் மாற வேண்டும் என்று கேட்டு வைத்திருக்கிறேன். எட்டு மாடியும் ஏறுவேன். தாவீதைக் கேட்டால் கொடுப்பேன். கத்தரிக்காய், சளி, பார்த்த பெண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன். அவள் முடியாது என்றால் சாப்பிட்டுவிட்டு வந்து, அடுத்த ஞாயிறும் ஏறுவேன்.

அடுத்த திருநாளில் நான் பதில் சொல்வேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். வாய் வருமோ வராதோ, எனக்கே தெரியாது. அவள் வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கேட்பேன். அது மட்டும் வாக்கு. நாளைக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்குக் கையால் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

வின்சென்ட்டின் அக்கா,
லில்லி